அம்மா எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் வங்கியில் செல்லவில்லை. ஏன்?

சாட்ஸ்வொர்த் மகள்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. 2019இல், நல்ல நினைவோடு இருந்தபோது, வழக்கறிஞர் அலுவலகத்தில் உட்கார்ந்து எனக்குப் பொது அதிகாரப் பத்திரம், அதாவது பவர், எழுதிக் கொடுத்தார். வங்கி, நகராட்சிக் கட்டணம், வீடு என எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். இத்தனை காலம் ஒரு சிக்கலும் வந்ததில்லை. மாதாமாதம் நான்தான் பணம் எடுத்து மருந்தும் மளிகையும் வாங்குகிறேன்.

இரண்டு ஆண்டுகளாக அம்மாவுக்கு மறதி. என்னையே சில நாள் தன் தங்கை என்று நினைத்துப் பேசுகிறார். போன வாரம் அவருடைய வைப்புத்தொகை முதிர்ந்தது. முதியோர் இல்லத்துக்கு முன்பணம் கட்ட அதை எடுக்கப் போனேன். ஏன் அம்மா வரவில்லை என்று வங்கி அலுவலர் கேட்டார். டிமென்ஷியா, அதனால்தான் நான் வந்தேன் என்றேன். அவ்வளவுதான். பத்திரத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனார், அரை மணி நேரம் கழித்து வந்து, இது இனிச் செல்லாது என்றார். வழக்கமாக எடுக்கும் தொகையையும் நிறுத்திவிட்டார்கள்.

மறதி வந்தால் பார்த்துக்கொள்ளத்தானே இந்தப் பத்திரத்தையே எழுதினோம்? மறதி வந்ததும் செல்லாது என்றால் இது எதற்கு?

பீனிக்ஸ் ராத்திரிப்பணி

அக்கா, வாயைத் திறந்ததுதான் தப்பு. அம்மாவுக்கு முட்டி வலி என்று சொல்லியிருந்தால் பணம் கையில் இருந்திருக்கும். எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். வேறு கிளைக்குப் போய்ப் பாருங்கள்.

பழைய குமாஸ்தா

வேறு கிளைக்குப் போக வேண்டாம் மகளே. முதலில் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், பிறகு தம்பியிடம் வருகிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சொத்து மாற்றம் செய்யும் வழக்கறிஞர்களிடம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தேன். ஆவணப் பதிவு அலுவலகத்துக்குக் கோப்பு சுமந்த கால்கள் இவை. நீங்கள் கேட்ட இதே கேள்வியை அழுதுகொண்டு கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பவர் என்பது கடன் வாங்கிய கை. உங்கள் அம்மா தன் கையை உங்களுக்கு இரவல் தந்திருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டால் எது செல்லுமோ, அதை மட்டும்தான் நீங்களும் போட முடியும். அவர் இன்று வங்கிக்குப் போய், எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று விளங்காமல் போட்டால் அது செல்லாது. அப்படியானால் அவருக்காக நீங்கள் போடுவதும் செல்லாது. ஊற்று வற்றிய பிறகு வாய்க்காலில் என்ன ஓடும்? தென்னாப்பிரிக்காவில் இதற்குத் தனிச் சட்டப்பிரிவு எதுவும் இல்லை. ரோமன் டச்சுப் பொதுச் சட்டத்திலிருந்து, அதாவது நாடாளுமன்றம் இயற்றாத பழைய சட்டத்திலிருந்து வந்த விதி. நீதிமன்றமோ மருத்துவரோ அறிவிக்கும்வரை பவர் உயிரோடு இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விளங்கிக்கொள்ளும் திறன் போன நாளிலேயே அதுவும் போய்விடுகிறது. யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம், அது வேறு.

தம்பி சொன்ன முட்டி வலிக் கதைக்கு வருகிறேன். செத்த பவரை உயிரோடு இருப்பதாகக் காட்டிப் பணம் எடுத்தால், நாளை உங்கள் தம்பியோ தங்கையோ கணக்குக் கேட்கும்போது அந்தப் பணத்துக்கு நீங்கள் சொந்தப் பொறுப்பு. அம்மாவுக்கே செலவழித்தேன் என்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான். வங்கிக்காரர் உங்களைப் பகைக்கவில்லை. தெரிந்த பிறகும் பணம் கொடுத்தால் நாளை அந்த வங்கிதான் பதில் சொல்ல வேண்டும்.

பீனிக்ஸ் ராத்திரிப்பணி

ஐயா, சட்டம் சரி. மருந்துக் கடையில் சட்டத்தைக் காட்டினால் மாத்திரை தருவார்களா? என் மாமியாரை நாங்கள் ஆறு ஆண்டுகள் பார்த்தோம். அட்டையும் ரகசிய எண்ணும் எங்களிடம்தான் இருந்தன. ஒரு காசு எங்களுக்கென்று எடுத்ததில்லை.

பழைய குமாஸ்தா

எடுத்திருக்க மாட்டீர்கள் தம்பி, நம்புகிறேன். எடுத்த ஆட்களும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். அந்த இரண்டு பேரையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய வழியில்லை என்பதுதான் இதிலுள்ள துயரம்.

மேர்பேங்க் மாடிவீடு

இடையில் ஒரு சந்தேகம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. ஆனால் புத்தி கத்தி மாதிரி. டோமினோ ஆட்டத்தில் இன்றும் என்னை ஏமாற்றுகிறார். அவர் எனக்குக் கொடுத்த பவரும் போய்விட்டதா? கையெழுத்துப் போட முடியவில்லையே.

பழைய குமாஸ்தா

போகவில்லை. உடம்பு வேறு, புத்தி வேறு. கண் தெரியாதவர், படுத்த படுக்கையாக இருப்பவர், பேச முடியாதவர் என யார் கொடுத்த பவரும், அவருக்கு விளங்கும்வரை நிற்கும். இப்போதே அவருடைய மருத்துவரிடம் போய், அப்பாவுக்கு எல்லாம் விளங்குகிறது என்று தேதியிட்டு ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். குழறும் பேச்சைக் கேட்டு ஒரு வங்கி அலுவலர் தப்பாக முடிவு கட்டிவிடக்கூடும்.

லெஸ்டர் மச்சான்

நான் டோங்காட்டில் பிறந்தவன், இங்கிலாந்துக்கு வந்து நெடுநாளாகிறது. இங்கே நீடித்த பவர் என்று ஒன்று உண்டு. மனத்திறன் போன பிறகும் செல்லும். 2005ஆம் ஆண்டுச் சட்டம், 2007 அக்டோபரிலிருந்து நடைமுறை. அரசு அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் பயன்படுத்த முடியும். அதன் படிவத்தை அனுப்புகிறேன், அங்கே ஒருமுறை முயன்று பாருங்களேன்.

பழைய குமாஸ்தா

வேண்டாம் மச்சான். இணையத்திலிருந்து இப்படிப் படிவம் இறக்கி, "நான் மனத்திறன் இழந்தாலும் இந்தப் பவர் தொடரும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வரிக்கு இந்த நாட்டில் மதிப்பில்லை. நீடித்த பவர் வேண்டும் என்று எங்கள் சட்டச் சீர்திருத்த ஆணையம் 1988இலேயே அறிக்கை கொடுத்தது. பிறகும் அந்தப் பேச்சு வந்தது. சட்டமாகவில்லை. நாங்கள் எல்லாம் அதற்குள் ஓய்வு பெற்று மீன் பிடிக்கப் போய்விட்டோம்.

சாட்ஸ்வொர்த் மகள்

ஐயா, நன்றி. கோபம் கொஞ்சம் இறங்கியது. 2019இல் வழக்கறிஞர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டணம் வாங்கினார், முத்திரை குத்தினார். சரி, இப்போது நான் என்ன செய்ய வேண்டும்? வீடும் அம்மா பெயரில்தான். தாத்தா காலத்தில் டர்பன் நகராட்சியிடம் தவணையில் வாங்கிய வீடு.

பழைய குமாஸ்தா

இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, உயர் நீதிமன்றம். அங்கே க்யூரேட்டர், அதாவது அம்மாவின் சொத்துக்குப் பொறுப்பாளர், ஒருவரை நியமிக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். நீதிமன்ற விதி 57. முதலில் அம்மாவின் பக்கம் நின்று விசாரிக்க ஒரு வழக்கறிஞரை நீதிமன்றம் நியமிக்கும். மருத்துவர்களின் அறிக்கை வேண்டும். அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருப்பது வழக்கம். அதன் பிறகு சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமிப்பார்கள். உறுதியான வழி, ஆனால் செலவு கனக்கும். இரண்டு மூன்று வழக்கறிஞர்களுக்கு அம்மாவின் பணத்திலிருந்துதான் போகும்.

மற்றொன்று, மாஸ்டர் அலுவலகம். இறந்தவர்கள், திறனிழந்தவர்கள் சொத்தை மேற்பார்க்கும் அதிகாரிதான் மாஸ்டர். 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 60. மனநோயோ கடுமையான அறிவுத்திறன் குறைபாடோ உள்ளவரின் சொத்துக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் ஒருவரை மாஸ்டரே நியமிக்கலாம். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. நீங்களே உறுதிமொழிப் பத்திரம் எழுதி விண்ணப்பிக்கலாம். சொத்து இரண்டு லட்சம் ரேண்டுக்குள்ளும் ஆண்டு வருமானம் 24,000 ரேண்டுக்குள்ளும் இருந்தால் எளிதாக முடியும். அதற்கு மேலே போனால் மாஸ்டர் விசாரணை வைப்பார், அந்தச் செலவும் சொத்தின் மேல்தான். சாட்ஸ்வொர்த்தில் வீடு இருக்கிறது என்றாலே நீங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

டிமென்ஷியாவை மருத்துவர் எப்படி எழுதுகிறார் என்பது இதில் முக்கியம். "வயதான தளர்ச்சி" என்று இரண்டு வரி எழுதித் தந்தால் இந்த வழி அடைபடும். விபத்தில் தலையில் அடிபட்டு நினைவிழந்தவருக்கும் இது பெரும்பாலும் பொருந்தாது, அவர்களுக்கு நீதிமன்றம்தான்.

நியமனம் ஆன பிறகு எல்லாம் உங்கள் இஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். மாஸ்டரிடம் பிணை கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும், மாஸ்டரோ நீதிமன்றமோ ஒப்பாமல் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. பவர் இருந்தபோது இதில் எதையும் நீங்கள் செய்ததில்லை, இல்லையா?

சாட்ஸ்வொர்த் மகள்

ரசீதுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அது கணக்கில் சேருமா?

பழைய குமாஸ்தா

சேரும். அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வழக்கறிஞர்கள் பலரிடம் அவ்வளவுகூட இருப்பதில்லை.

ஜோபர்க் திருச்சிக்காரன்

ஐயா சொன்னதோடு ஊர்க் கதை ஒன்று. நான் வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்து ஒன்பது ஆண்டுகள். அப்பா திருச்சியில் தன் மனையை விற்கச் சித்தப்பாவுக்குப் பவர் எழுதியிருந்தார். அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, மனையை வாங்க ஒருவர் முன்பணத்தோடு வந்து நின்றார். பவர்தான் கையில் இருக்கிறதே என்று சித்தப்பாவும் கிளம்பிவிட்டார். நான்தான் தடுத்தேன்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 201: எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை தவறினாலோ முகவரின், அதாவது பவரை வாங்கியவரின், அதிகாரம் முடிகிறது. அந்த இடத்தில் இரண்டு நாட்டுக்கும் ஒரே நியாயம்தான். பிரிவு 202 ஒரு விதிவிலக்கு. முகவருக்கே அந்தச் சொத்தில் பங்கோ உரிமையோ இருந்தால் அவருக்குப் பாதகமாக முடியாது. சித்தப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை. இறந்த செய்தி தெரியாமல் முகவர் செய்த காரியத்துக்கு 208இல் ஒரு பாதுகாப்பு உண்டு. ஆனால் பாடையைத் தூக்கியவரே அவர்தானே, தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

தமிழ்நாட்டுப் பதிவுத்துறை, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவரிடமிருந்து உயிர்ச்சான்று கேட்கிறது. முன்பு எரிச்சலாக இருந்தது. இப்போது ஏன் என்று விளங்குகிறது.

கேப்டவுன் கடலோரம்

இங்கிருந்து ஊருக்குப் பவர் அனுப்புவது எப்படி என்று யாராவது சொல்லுங்கள். எனக்கு வேலூரில் ஒரு பாகப்பிரிவினை.

ஜோபர்க் திருச்சிக்காரன்

இந்தியத் துணைத்தூதரகத்துக்குப் போங்கள். கேப்டவுனிலேயே இருக்கிறது, டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் உண்டு. அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். முன்கூட்டியே வீட்டில் போட்டுக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள், எனக்கு ஒரு நாள் விடுப்பு அப்படித்தான் வீணானது. பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிடச் சொல்லுங்கள். எந்தச் சொத்து, எந்தச் செயல் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். "என் சார்பில் எல்லாம் செய்யலாம்" என்ற பத்திரத்தை நான் ஒருவருக்கும் கொடுக்க மாட்டேன், கூடப் பிறந்தவராக இருந்தாலும்.

டோங்காட் கரும்புக்காடு

நான் கேட்க வெட்கப்பட்ட கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். அப்பா போன புரட்டாசியில் காலமானார். விடியற்காலையில் உயிர் போனது, ஒன்பது மணிக்கெல்லாம் அண்ணன் அப்பாவின் அட்டையோடு இயந்திரத்தில் நின்றான். சவப்பெட்டி, வண்டி, தகனக் கட்டணம், வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் அதிலிருந்துதான். அண்ணனிடம் பவர் இருந்தது. இப்போது அப்பாவின் சொத்தை நிர்வகிக்கும் எக்ஸிகியூட்டர் செலவுப் பட்டியல் கேட்கிறார். அண்ணன் திருடனா?

பழைய குமாஸ்தா

திருடன் இல்லை, ஆனால் அந்த ஒன்பது மணிக்கு அவரிடம் பவரும் இல்லை. மூச்சு நின்ற நிமிடத்தில் அது முடிந்துவிட்டது. அதன் பின் சொத்து எக்ஸிகியூட்டரின் கையில். மாஸ்டர் நியமனக் கடிதம் கொடுக்கும்வரை வேறு யாரும் சொத்தைக் கலைக்கவோ பங்கு பிரிக்கவோ கூடாது என்று 1965ஆம் ஆண்டின் மரணச் சொத்து நிர்வாகச் சட்டம் சொல்கிறது. அதே சட்டம் மனிதத்தனம் இல்லாததும் அல்ல. தகுந்த ஈமச்சடங்குக்கும் வீட்டாரின் சாப்பாட்டுக்கும் இடம் விட்டிருக்கிறது. உங்கள் அண்ணன் சவச்சடங்கு நிறுவனத்தின் ரசீதையும் மளிகை ரசீதையும் கொடுத்தால் எக்ஸிகியூட்டர் ஏற்றுக்கொள்வார். "வந்தவர்களுக்குச் சாப்பாடு" என்பது எத்தனை நாள் சாப்பாடு என்பதில்தான் பேச்சு வரும்.

இன்னொரு வழி, வங்கியிடம் மரணத்தைச் சொல்லிவிட்டு ஈமச்சடங்கு ரசீதைக் காட்டுவது. பல வங்கிகள் அந்த நிறுவனத்துக்கே நேராகப் பணம் அனுப்பும். ஈமக் காப்பீடு இருந்தால் அது அதில் பெயர் குறிப்பிடப்பட்டவருக்கு நேராக வரும், எக்ஸிகியூட்டருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மரணத்தை மாஸ்டருக்கு அறிவிக்க 14 நாள். மொத்தச் சொத்தும் இரண்டரை லட்சம் ரேண்டுக்குள் இருந்தால் முழு எக்ஸிகியூட்டர் முறை வேண்டாம், ஓர் அதிகாரக் கடிதமே போதும்.

கணவனோ மனைவியோ பொதுச் சொத்துத் திருமணத்தில் இருப்பவர்களும் கவனியுங்கள். ஒருவர் இறந்தால் மற்றவர் பெயரில் உள்ள கணக்கும் முடங்கலாம், ஏனென்றால் இருவருடையதும் ஒரே சொத்து. கணவரை எரித்துவிட்டு வந்த பெண், ரொட்டி வாங்கக் காசில்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பீனிக்ஸ் ராத்திரிப்பணி

ஐயா, பவரை எழுதிக் கொடுத்தவரே திரும்ப வாங்க முடியுமா? மாமனார் தன் இளைய மகனுக்குக் கொடுத்துவிட்டு இப்போது வருந்துகிறார். "மாற்றமுடியாதது" என்று பத்திரத்தில் பெரிதாக எழுதியிருக்கிறது.

பழைய குமாஸ்தா

பெரிய எழுத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம். சாதாரணக் குடும்பப் பவர் என்றால் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கடனுக்குப் பிணையாகக் கொடுத்தது போன்றவை வேறு கதை, அதற்கு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஆனால் மனத்துக்குள் ரத்து செய்தால் போதாது. எழுத்தில் ரத்து செய்து, மகனுக்கும் அவர் பவரைக் காட்டிய ஒவ்வொரு வங்கிக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பி, கிடைத்தது என்று கையெழுத்து வாங்க வேண்டும். அசலைத் திரும்பப் பெற வேண்டும். ஆவணப் பதிவு அலுவலகத்தில் பவர் பதிவாகியிருந்தால் ரத்தும் அங்கே போக வேண்டும். செய்தி போய்ச் சேராத வங்கி நல்லெண்ணத்தில் மகனுக்குப் பணம் கொடுத்திருந்தால் மாமனார் அதைத் திரும்பப் பெறுவது கடினம். நான் பார்த்த சண்டைகளில் பாதி, அசல் யார் வீட்டு அலமாரியில் என்பதில்தான் தொடங்கின.

வேறு வகையிலும் முடியும்: முகவர் இறந்தால், கொடுத்தவர் திவாலானால், கொடுத்த வேலை முடிந்தால், பத்திரத்திலேயே தேதி இருந்து அது கடந்தால். இவை பெரும்பாலும் தகராறு இல்லாதவை.

மேர்பேங்க் மாடிவீடு

அப்பாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். "அப்படியானால் எனக்குப் பைத்தியம் பிடித்தால் நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?" என்று கேட்டார். முன்கூட்டி ஏதாவது செய்ய முடியுமா ஐயா?

பழைய குமாஸ்தா

அவருக்குப் புத்தி இருக்கும்போதே டிரஸ்ட் ஒன்று ஏற்படுத்தி வீட்டையோ முதலீட்டையோ அதற்கு மாற்றலாம்; அதை நடத்துபவர்கள் டிரஸ்டிகள். டிரஸ்டிகளுக்கு அதிகாரம் வருவது மாஸ்டரின் கடிதத்திலிருந்து. அப்பாவின் நினைவோடு அது கட்டப்பட்டதல்ல. அவர் நினைவு போனாலும் நடக்கும். ஆனால் மாற்றும்போது வரி, ஆண்டுதோறும் கணக்கு எனச் செலவு உண்டு. ஒரு வீடும் கொஞ்சம் சேமிப்பும் உள்ளவருக்கு இது எலியைப் பிடிக்க யானை வாங்குவது போலாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிலை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். மகன் பவரை வைத்து அப்பாவுக்காக உயில் எழுத முடியாது, அதை அவரேதான் செய்ய வேண்டும்.

சாட்ஸ்வொர்த் மகள்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மனநல மருத்துவர் அம்மாவைப் பார்த்து நான்கு பக்கம் எழுதித் தந்தார். விண்ணப்பம் தயார். ஆனால் ஒரு தகராறு. கேப்டவுனில் இருக்கும் தம்பி, தானே அட்மினிஸ்ட்ரேட்டராக வேண்டும், தன் பெயரில்தான் விண்ணப்பம் போக வேண்டும் என்கிறான். ஆண் பிள்ளை என்கிறான். கணக்கு எழுதுபவன், அதில் நியாயமும் இருக்கலாம்.

பழைய குமாஸ்தா

விண்ணப்பிப்பவர் அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் அம்மாவை நேரில் பார்த்திருக்க வேண்டும், உறுதிமொழியில் அதைச் சொல்ல வேண்டும். தம்பி கடைசியாக எப்போது வந்தார்?

சாட்ஸ்வொர்த் மகள்

காவடிக்கு. அதற்கு முந்தைய ஆண்டு காவடிக்கு.

பழைய குமாஸ்தா

அப்படியானால் அவர் விமான டிக்கெட் எடுக்கட்டும், அல்லது நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.

சாட்ஸ்வொர்த் மகள்

வெள்ளிக்கிழமை வந்தான். அம்மா அவனை வாசலிலேயே "யாரப்பா நீ, டெலிபோன் ஆளா?" என்று கேட்டார். அன்றிரவு முழுவதும் பிஸ்கட் டப்பாவை மேசையில் கொட்டி, ரசீதுகளை மாதவாரியாக அடுக்கினான். திங்கட்கிழமை என் பெயரில்தான் விண்ணப்பம் கொடுத்தோம். பிணைக்கு அவன் உதவுகிறான். மாஸ்டர் அலுவலகத்தில் எண் கொடுத்திருக்கிறார்கள், இனிக் காத்திருப்பு.

பழைய குமாஸ்தா

அந்த எண்ணை டப்பாவின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.